முதலில் இறங்கும் வழி: மியூரன்–கிம்மெல்வால்ட் ஒருநாள் பயணம், ஒரு நிகழ்வு ஆய்வு

செப்டம்பர் கடைசியில் கோவையிலிருந்து அக்கா குடும்பம் பெர்னில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. மாமா தினமும் காலையில் ஓடுகிறவர். மலையைக் கண்டால் ஏறியாக வேண்டும் அவருக்கு. பத்து வயதுப் பையனுக்கு மாடும் கேபிள் காரும் இருந்தால் போதும். அக்கா நன்றாக நடப்பாள், ஆனால் செங்குத்தான சரிவைப் பார்த்தால் கால் நடுங்கும். மாமாவின் அம்மாவுக்கு எழுபதை நெருங்குகிற வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், பிரஷருக்கு மாத்திரை. அத்தை சமதரையில் ஒரு மணி நேரம் அலுக்காமல் நடப்பார், மெதுவாகப் படியும் ஏறிவிடுவார். இறங்குவதுதான் பாடு.

கோரிக்கை இதுதான்: ஒரே நாளில் ஆல்ப்ஸ் மலையில் ஒரு சின்ன ஊர், கொஞ்சம் நடை, எல்லோரும் சேர்ந்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு. சுவிட்சர்லாந்தில் குடியிருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் பழகிய கோரிக்கைதான். வருகிறவர்கள் வேறு, முழங்கால்கள் வேறு, அவ்வளவே வித்தியாசம். அதனால் அந்த நாளின் திட்டம் எப்படிப் போடப்பட்டது, வானிலை அதை எப்படித் திருப்பிப் போட்டது, அது ஏன் உடையவில்லை என்பதை விவரமாக எழுதி வைக்கிறேன்.

தள்ளி வைத்தவை

மாமா கேட்டது யுங்ஃப்ராவ்யோக். ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம், 3454 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஒருவரை இரண்டு மணி நேரத்துக்குள் அந்த உயரத்தில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதோடு அது ஊர் இல்லை. மலைக்குள் குடைந்த நிலையம், கடைகள், பனிக்குகை. கட்டணமும் அதிகம். மேகம் மூடிவிட்டால் அவ்வளவு பணம் கொடுத்து வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

அக்கா கைபேசியில் காட்டியது அப்பென்செல் பக்கத்து எஷர் விடுதி. பாறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த மர வீட்டின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கேபிள் கார் ஏபனால்ப் வரை போகிறது, 1640 மீட்டர். விடுதி அதற்குக் கீழே, 1454-இல். அதாவது போகும்போதே இறக்கம், நடுவில் ஒரு குகை, படிகள். பார்த்து முடித்த பிறகு ஒன்று, வந்த வழியே திரும்ப ஏற வேண்டும். அல்லது 868 மீட்டரில் இருக்கும் வாசராவன் வரை செங்குத்தாக இறங்க வேண்டும். மாமாவுக்குச் சரி. அத்தைக்கு இரண்டுமே ஆகாது. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கடைசி ஒரு மணி நேரம் எப்படி இருக்கும் என்று கேட்டதும் அந்த யோசனை விழுந்துவிட்டது.

இந்தக் கேள்வியைத்தான் நான் எப்போதும் முதலில் கேட்பது. பெரும்பாலோர் காட்சியிலிருந்து திட்டம் போடுகிறார்கள்: எந்தச் சிகரம், எந்த ஏரி, எங்கே படம் எடுப்பது. நான் இறக்கத்திலிருந்து போடுகிறேன். சாயங்காலம் களைத்துப் போன பிறகு, குழுவில் மிகவும் பலவீனமான கால்கள் எந்த வழியாகக் கீழே வரும்? அந்த வழி மழையிலும் இருக்குமா? ஆஸ்திரிய மலைகளில் நடந்த விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், நடைப்பயணத்தில் விழுந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் இறங்கும்போதுதான் விழுந்தார்கள் என்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றுகொள்வோம். இறங்கும்போது உடம்பு நிற்கச் சொல்லி எதுவும் கேட்காது. தொடை தளர்ந்தது கால் வழுக்கிய பிறகுதான் தெரியும்.

ஊருக்குப் போகும் கேபிள் கார், சிகரத்துக்குப் போகும் கேபிள் கார்

சுவிஸ் மலைகளில் மேலே போகும் வண்டிகள் இரண்டு ஜாதி. ஒன்று சுற்றுலாவுக்கென்றே சிகரத்துக்கு ஓடுவது. பல இடங்களில் மாலை ஐந்து, ஆறு மணியோடு கடையைக் கட்டிவிடும். இன்னொன்று, மேலே வருஷம் முழுக்க மக்கள் வாழும் ஊருக்குப் போவது. அந்த ஊர்ப் பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள், கடைக்கு அரிசி மாவும் பாலும் அதில்தான் போகிறது, டாக்டரும் அதில்தான் வருகிறார். ஆகவே விடியற்காலையிலேயே தொடங்கி இரவு வரை ஓடும். சுவிஸ் போக்குவரத்துச் சட்டமே இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது: ஒரு தடத்துக்கு மத்திய அரசின் பணம் கிடைக்க, வருஷம் முழுக்கக் குறைந்தது 100 பேராவது குடியிருக்கும் ஊரை அது இணைக்க வேண்டும்.

பயணிக்கு இதில் இரண்டு லாபம். முதலாவது, கடைசி வண்டி போய்விடுமே என்ற பதற்றம் இல்லை. இரண்டாவது, காசு. சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு மியூரன் என்ற மலை ஊர் வரை போக வேறு டிக்கெட் வேண்டாம். அதற்கு மேலே ஷில்ட்ஹார்ன் சிகரத்துக்குப் பாதிக் கட்டணம். யுங்ஃப்ராவ்யோக்குக்கோ கிரின்டெல்வால்ட், வெங்கன் ஊர்கள் வரைதான் பாஸ். மேலே சலுகை மட்டும். பாஸ் வைத்திருக்கும் பெற்றோரோடு வந்தால் பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இலவச ஃபேமிலி கார்டு. பையனுக்கு அது கிடைத்தது.

இப்படித்தான் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் போய் நின்றது திட்டம். பள்ளத்தாக்கின் அடித்தளம் சுமார் 800 மீட்டர் உயரத்தில், இருபுறமும் நெட்டுக்குத்தான பாறைச் சுவர். மேற்குச் சுவரின் மேல் விளிம்பில் 1638 மீட்டரில் மியூரன், அதற்குக் கொஞ்சம் கீழே 1363-இல் கிம்மெல்வால்ட். இரண்டிலும் வெளிக் கார் கிடையாது. எதிரே ஐகர், மோன்ச், யுங்ஃப்ராவ் மூன்றும் வரிசையாக நிற்கும். யுங்ஃப்ராவ் 4158 மீட்டர், கை நீட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும்.

முக்கியமான விஷயம், மேலே ஏற இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. வடக்கே லவுட்டர்புருன்னன் ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்து க்ரூட்ச்ஆல்ப் வரை கேபிள் கார், அங்கிருந்து மலை விளிம்பை ஒட்டி 1891 முதல் ஓடும் குட்டி ரயிலில் வின்ட்டரெக் வழியாக மியூரன். தெற்கே ஸ்டெக்கெல்பெர்க்கிலிருந்து கேபிள் கார். 2024 டிசம்பரில் திறந்த புதிய தடம் அங்கிருந்து நான்கே நிமிடத்தில் மியூரனுக்கு நேராக ஏறுகிறது. அதன் சரிவு 159 சதவீதத்துக்கு மேல், உலகிலேயே செங்குத்தானது என்று சொல்கிறார்கள். கிம்மெல்வால்டில் இறங்க வேண்டுமானால் அந்த நேரடி வண்டியில் ஏறக் கூடாது. நேர அட்டவணையில் கிம்மெல்வால்ட் என்று போட்டு, அதற்கான வண்டியைப் பார்க்க வேண்டும். கீழே ஸ்டெக்கெல்பெர்க்கையும் லவுட்டர்புருன்னனையும் மஞ்சள் போஸ்ட் பஸ் இணைக்கிறது. ஆக இது ஒரு வளையம். எந்தப் பக்கமிருந்தும் தொடங்கலாம், எங்கிருந்தும் வெளியே வரலாம்.

நேரக் கணக்கு

மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. அது ஓரளவு பழகிய நடைக்காரருக்கான கணக்கு. நம் ஆட்களுக்கு நான் டின் 33466 என்ற ஜெர்மன் தரக் கணக்கைப் பயன்படுத்துகிறேன்: மணிக்கு 4 கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம். தூரத்துக்கான நேரத்தையும் உயரத்துக்கான நேரத்தையும் தனித்தனியாகப் போட்டு, பெரியதை முழுசாகவும் சிறியதில் பாதியையும் கூட்டவேண்டும்.

மாமா முதலில் கேட்டது, ஸ்டெக்கெல்பெர்க்கிலிருந்து மியூரன் வரை நடந்தே ஏறலாமே என்று. ஏற்றம் சுமார் 720 மீட்டர், தூரம் 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்துக்கு 144 நிமிடம், தூரத்துக்கு 75 நிமிடத்தில் பாதி. மூன்று மணி நேரம். பத்து வயதுப் பையனோடு, தண்ணீர், பிஸ்கட், மாடு எல்லாம் சேர்த்தால் நான்கு. அத்தையும் அக்காவும் மேலே தனியாகக் காத்திருக்க வேண்டும். காகிதத்தில் எழுதிக் காட்டியதும் மாமாவே, "சரி மாப்ளே, பாதியாவது குடு" என்றார். அந்தப் பாதிதான் கிம்மெல்வால்டிலிருந்து மியூரன்: 275 மீட்டர் ஏற்றம், இரண்டேகால் கிலோமீட்டர் தார் ரோடு, கணக்குப்படி ஒரு மணி பத்து நிமிடம்.

க்ரூட்ச்ஆல்ப்–வின்ட்டரெக்–மியூரன் பாதை இந்தப் பள்ளத்தாக்கின் தங்கம். நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, 150 மீட்டர் உயர வித்தியாசம், பக்கத்திலேயே ரயில் தடம். முடியவில்லை என்றால் வின்ட்டரெக்கில் ஏறிக்கொள்ளலாம். அத்தையின் ஒரு மணி நேரம் இதற்குத்தான் என்று ஒதுக்கினேன்.

மூலத் திட்டம் வடக்கிலிருந்து தெற்கு: க்ரூட்ச்ஆல்பில் நடை தொடங்கி மியூரனில் மதியச் சாப்பாடு, கிம்மெல்வால்டுக்கு இறக்கம், ஸ்டெக்கெல்பெர்க், வரும் வழியில் மலைக்குள்ளேயே விழும் ட்ரும்மெல்பாக் அருவி, லவுட்டர்புருன்னன்.

முந்தின இரவு

சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி ஆப்பில் ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தேன். மீட்டியோசுவிஸ் வானிலை முன்னறிவிப்பு: காலையில் மேகம், மதியத்துக்கு மேல் விலகும், காற்று குறைவு. ஃபோன் (Föhn) எனப்படும் தெற்குக் காற்று பலமாக வீசினால் கேபிள் கார்கள் நின்றுவிடும், அதனால் காற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சுவிஸ்டோப்போ வரைபட ஆப்பில் மூடப்பட்ட பாதைகள் தெரியும்; நம் தடத்தில் எதுவும் இல்லை. இதைப் பார்ப்பதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கக் கூடாது. மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் இருக்கும் லோட்சென்தாலில் பிளாட்டன் என்ற ஊர் 2025 மே 28 அன்று பனிப்பாறையும் பாறையும் சரிந்து புதைந்தது. சில நாள் முன்பே ஊரைக் காலி செய்திருந்தார்கள், கிட்டத்தட்ட 300 பேர். அந்த லோட்சென்தாலிலிருந்து மலை தாண்டி வந்த வால்சர் மக்கள்தான் நடுக்காலத்தில் கிம்மெல்வால்ட், மியூரன் பக்கம் குடியேறியவர்கள். மலை நகர்கிறது, பாதைகள் மூடப்படுகின்றன. வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதால் பாதையும் இருக்க வேண்டும் என்பதில்லை.

மாமாவின் பயணக் காப்பீட்டையும் எடுத்துப் பார்த்தேன். மருத்துவச் செலவு இருந்தது. மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்குவது சேருமா என்று கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்க வைத்தேன். எல்லோர் கைபேசியிலும் ரேகா என்ற ஹெலிகாப்டர் மீட்பு அமைப்பின் எண் 1414, ஆம்புலன்ஸ் 144. அக்கா எலுமிச்சை சாதமும் பொடி தடவிய இட்லியும் கட்டினாள்.

அன்று

இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் ரயில் மாறும்போது வெப்கேம் பார்த்தேன். மியூரன் படத்தில் ஒரு வேலிக்கம்பம் மட்டும் தெரிந்தது. மீதி எல்லாம் பால் வெள்ளை. ஷில்ட்ஹார்ன் உச்சியிலோ வெயில். அதாவது மேகம் பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு அடுக்காக நிற்கிறது. சூடு ஏற ஏறக் கலையும். அப்போது மேலே போனால் வளையத்தின் நல்ல பகுதியை மேகத்துக்குள் செலவழித்துவிட்டு, வெயில் வரும்போது அருவிக் குகைக்குள் இருப்போம். அதனால் வளையத்தைத் திருப்பினேன். முதலில் அருவி, பிறகு தெற்கு வழியாக மேலே, நடை கடைசியில்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. இன்டர்லாக்கனிலிருந்து கிளம்பும் ரயில் ஸ்வைலூட்சினனில் இரண்டாகப் பிரியும். பாதிப் பெட்டிகள் லவுட்டர்புருன்னனுக்கு, பாதி கிரின்டெல்வால்டுக்கு. பிளாட்பாரப் பலகையில் எந்தப் பகுதியில் நிற்க வேண்டும் என்று இருக்கும். குடும்பம் இரண்டு பெட்டியில் ஏறினால் இரண்டு ஊரில் இறங்கும். அன்றும் பக்கத்தில் ஒரு குழு கடைசி நிமிடத்தில் பெட்டி பெட்டியாக ஓடியது.

ட்ரும்மெல்பாக் மழை நாளுக்கும் மேக நாளுக்கும் எழுதி வைத்த இடம். ஐகர், மோன்ச், யுங்ஃப்ராவ் மூன்றின் பனியாற்று நீரும் மலைக்குள்ளேயே பத்து அருவிகளாக விழுகிறது. உச்சத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை. மலைக்குள் சாய்வாக ஏறும் லிஃப்ட் ஒன்று உண்டு. ஆனால் அதற்குப் பிறகு ஈரப் படிகள். லிஃப்டை விட்டு இறங்கியதும் பக்கத்தில் தெரிந்த அருவியோடு அத்தை நின்றுகொண்டார், அக்கா துணைக்கு. பாறையே அதிருவதைக் கைப்பிடிக் கம்பியில் உணர முடிந்தது. அத்தை கம்பியிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். "மெஷின் ஓடுற மாதிரி இருக்குது தம்பி" என்றார். திரும்பவும் லிஃப்டிலேயே இறக்கம். சுவெட்டர் இல்லாமல் உள்ளே போகாதீர்கள், ஆகஸ்டிலும் குளிரும். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

பதினொன்றரைக்குக் கிம்மெல்வால்ட். மேகம் கூரை உயரத்தில் இருந்தது. கேபிள் கார் நிலையத்தை விட்டு வந்தால் ஒரே தெருதான். வெயிலில் கறுத்த மர வீடுகள், ஜன்னல் வரை கச்சிதமாக அடுக்கிய விறகு, ஒரு வீட்டுச் சுவரில் பெரிதிலிருந்து சிறிது வரை வரிசையாகத் தொங்கும் மாட்டு மணிகள். ஆளில்லாத சின்னக் கடை ஒன்று. பொருளை எடுத்துக்கொண்டு பணத்தைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். பையன் அங்கே கேமரா எங்கே இருக்கிறது என்று தேடியதை அக்கா ரசிக்கவில்லை. ஒரு பெரியவர் சரிவில் புல்லை வாரிக்கொண்டிருந்தார். இந்தச் சரிவில் இயந்திரம் நிற்காத இடங்களில் இன்றும் கை வேலைதான். அவர் வேலை செய்யும் இடத்துக்குள் புகுந்து படம் எடுக்கக் கூடாது. மஞ்சள் பலகை காட்டும் பாதையைத் தாண்டிய புல் அடுத்த குளிர்காலத்து மாட்டுத் தீவனம். ஊரில் குடியிருப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். அவர்கள் வாசலில்தான் நாம் நடக்கிறோம்.

குழுவை இங்கே பிரித்தேன். மாமாவும் பையனும் ஏறி நடக்க, நாங்கள் மூவரும் கேபிள் காரில். மூலத் திட்டத்தில் இந்த ரோட்டில் எல்லோருக்கும் இறக்கம் இருந்தது. திருப்பிப் போட்டதால் அது மாமாவுக்கு ஏற்றமாகவும் அத்தைக்கு வண்டியாகவும் மாறியது. வானிலைக்காகச் செய்த மாற்றம் முழங்காலுக்கும் நல்லதாகப் போனது. இதைத் திட்டமிட்டேன் என்று சொல்ல மாட்டேன், வளையமாக இருந்ததால் கிடைத்த லாபம்.

சேருமிடம் மியூரன் கேபிள் கார் நிலையம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். மியூரனில் ரயில் நிலையமும் கேபிள் கார் நிலையமும் ஊரின் இரண்டு முனைகளில் இருக்கின்றன. வெறுமனே "ஸ்டேஷனில் பார்ப்போம்" என்றால் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு நடக்க வேண்டும். வழியில் கொட்டகை நிழலில் நின்ற மாடுகளைப் பார்க்கப் பையன் நின்றதால் கணக்கைவிடப் பத்து நிமிடம் கூடியது. வேலிக்குள் இருக்கும் மாட்டைத் தள்ளி நின்று பார்ப்பதில் தப்பில்லை. கன்றோடு மேயும் தாய்மாடு பாதையிலேயே இருந்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டும், நம் ஊர் மாட்டை நினைத்துக்கொண்டு தடவப் போகக் கூடாது.

கொண்டுவந்த சாப்பாட்டைப் பெஞ்சில் முடித்து, காபிக்கு மட்டும் உணவகம். மலை ஊர்களில் பல சமையலறைகள் இரண்டு மணியோடு மூடிவிடும் என்பதால் இட்லி ஒரு காப்பீடு. சைவம் சாப்பிடுகிறவர்கள் ரோஷ்டி (உருளைக்கிழங்குத் துருவல் வறுவல்), எல்ப்ளர்மக்ரோனன் (சீஸ் போட்ட மக்ரோனி) கேட்கும்போது ஸ்பெக் இல்லாமல் என்று சொல்லிக் கேட்க வேண்டும். பன்றிக்கறித் துண்டு பல இடங்களில் சொல்லாமலே வரும். தண்ணீர் வாங்க வேண்டாம், தெருக் குழாய்த் தொட்டியில் குடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தாலொழிய பிடித்துக்கொள்ளலாம்.

ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் மோன்ச்சின் தோள் தெரிந்தது. இரண்டு மணிக்கு மூன்று மலையும் முழுசாக. மாமா கேமராவை எடுத்துக்கொண்டு தெருவிலேயே ஓடினார். 1922-இல் ஆர்னால்ட் லன் நவீன ஸ்லாலம் பனிச்சறுக்குப் போட்டியை நடத்திக் காட்டியது இந்த ஊரில்தான் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

மியூரனிலிருந்து வின்ட்டரெக் வரை எல்லோரும் நடந்தோம். மெல்லிய சரிவு, அகலமான பாதை, வலது பக்கம் முழுக்கப் பள்ளத்தாக்கு. அத்தை இரண்டு குச்சிகளையும் ஊன்றிக்கொண்டு எனக்கு முன்னால் போனார். வின்ட்டரெக்கில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, "இதோட போதும்" என்றார். அக்காவும் அவரும் ரயிலில் ஏறினார்கள். நாங்கள் க்ரூட்ச்ஆல்ப் வரை நடந்து சேர்ந்துகொண்டோம். பள்ளத்தாக்கின் மேற்குச் சுவர் அதற்குள் தன் நிழலை ஊர்மேல் போட்டுவிட்டிருந்தது. இலையுதிர் காலத்தில் இங்கே சூரிய அஸ்தமன நேரத்தை நம்பக் கூடாது, அதற்கு வெகு முன்பே குளிர் வந்துவிடும்.

இதே திட்டம் எப்போது உடையும்

ஏப்ரல், நவம்பர் மாதங்களில் கேபிள் கார்களுக்கு வருடாந்தரப் பராமரிப்பு நடக்கும். ரெவிஷன் என்று அட்டவணையில் போட்டிருப்பார்கள். அப்போது வளையத்தில் ஒரு பக்கம் அறுந்துவிடும், உணவகங்களும் பாதி மூடியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பிரச்சினை வேறு: மதியத்துக்கு மேல் இடி மின்னல். அந்த மாதங்களில் வளையத்தைத் திருப்பக் கூடாது. காலையிலேயே மேலே நடந்து முடித்து, குகை அருவியைப் பிற்பகலுக்கு வைக்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெர்ன் மூடுபனிக்குள் கிடக்கும்போது மேலே பல நாள் பளிச்சென்று வெயில் அடிக்கும், ஆனால் அப்போது பாதையில் பனி.

அத்தை இல்லாத குழுவாக இருந்தால், கிம்மெல்வால்டிலிருந்து ஸ்டெக்கெல்பெர்க்குக் காட்டு வழியாக நடந்து இறங்குவதைச் சேர்ப்பேன். செங்குத்து, மழைக்குப் பிறகு வேர்கள் வழுக்கும். வெள்ளை–சிவப்பு–வெள்ளைக் கோடு போட்ட மலைப்பாதை எதிலும் கணுக்கால் பிடிமானமுள்ள ஷூ வேண்டும். ஸ்போர்ட்ஸ் ஷூவில் மஞ்சள் பலகைப் பாதையோடு நிறுத்திக்கொள்ளலாம். வெள்ளை–நீலம்–வெள்ளை என்றால் நம் ஆய்வுக்கு வெளியே.

இதே மாதிரி, மேலே ஜனங்கள் குடியிருந்து, பொதுப் போக்குவரத்தே இறங்கும் வழியாக இருக்கும் ஊர்கள் இன்னும் உண்டு: க்ளாரஸ் மாநிலத்தில் பிரவுன்வால்ட், வாலிஸில் ரீடரால்ப், பெட்மரால்ப், லவுட்டர்புருன்னனுக்கு எதிர்ச் சுவரில் வெங்கன். அத்தையோடு போக இவை நான்கும் சரி. மாமா எஷர் படத்தை இன்னும் விடவில்லை. அடுத்த முறை அவரும் நானும் மட்டும் போவதாகப் பேச்சு, ஜூனில், வார நாளில், வாசராவன் வரை நடந்து இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி.